கல்விசார் ஊழியர்களுக்கான குறைகேள் அலுவலர்: கொழும்பில் கற்பிப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர்களுக்கிடையிலும் விரிவுரையாளருக்கும் நிருவாகத்துக்கும் இடையிலும் எழும் பிணக்குகளைப் பேசித் தீர்க்க உதவும் குறைகேள் அலுவலர் பற்றி, கொழும்பிலும் அதன் சுற்றுப்புறத்திலும் பணிபுரியும் தமிழ் பேசும் கல்விசார் ஊழியர்கள் எழுப்பும் கேள்விகளுக்கான விடைகள் கீழே தரப்படுகின்றன. வழக்கு வரை செல்லக்கூடிய விடயமாயின் சட்டத்தரணி ஒருவரைத் தனியாகக் கலந்தாலோசிக்க வேண்டும்.

துறைத் தலைவரிடம் முறையிடுவதற்கும் குறைகேள் அலுவலரிடம் போவதற்கும் என்ன வேறுபாடு?

துறைத் தலைவர், பீடாதிபதி, பதிவாளர், உபவேந்தர் ஆகிய அனைவரும் தீர்மானம் எடுக்கும் இடத்தில் இருப்பவர்கள். அவர்களிடம் ஒரு விடயத்தைச் சொன்ன மாத்திரத்தில் அது நிறுவனத்துக்கே சொல்லப்பட்டதாகிவிடுகிறது. நீங்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அவர்கள் நடவடிக்கை எடுக்க வேண்டிய நிலை வரலாம். குறைகேள் அலுவலரோ எவரையும் தண்டிக்கமாட்டார், பதவியுயர்வுப் புள்ளிகளைத் திருத்தமாட்டார், சாட்சியம் பதியமாட்டார், எவர் பக்கம் நியாயம் என்று தீர்ப்பும் சொல்லமாட்டார். அவர் நீங்கள் சொல்வதைக் கேட்பார், உங்கள் முன்னுள்ள வழிகளையும் ஒவ்வொன்றின் விளைவையும் எடுத்துச் சொல்வார், நீங்கள் சம்மதித்தால் மற்றத் தரப்புடன் பேசுவார், தேவைப்பட்டால் இருவரையும் ஒரே மேசையில் இருத்திப் பேசவைப்பார்.

அதிகாரமே இல்லாத ஒருவரால் என்ன ஆகிவிடப் போகிறது என்று கேட்பவர்கள் பலர். தீர்மானிக்கும் அதிகாரம் உள்ளவரிடம் எவரும் தம் பக்கத்துக் குறையைச் சேர்த்துச் சொல்வதில்லை. வழக்காடுவதைப் போலவே பேசுவர். அதிகாரம் அற்றவரிடம்தான் “நானும் அந்தக் கூட்டத்தில் சற்று அதிகமாகவே பேசிவிட்டேன்” என்ற வார்த்தை வாயிலிருந்து வரும். இணக்கம் பெரும்பாலும் அந்த வார்த்தைக்குப் பின்னரே தொடங்குகிறது.

இந்தப் பதவி எங்கிருந்து வந்தது?

குடிமக்களின் குறைகளை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மன் பதவி 1809ஆம் ஆண்டு சுவீடனின் அரசியலமைப்பில் இடம்பெற்றது. பல்கலைக்கழகங்களுக்கு அது 1960களின் மாணவர் கிளர்ச்சிக் காலத்தில் வந்தது: கனடாவின் சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்தில் 1965இலும், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1967இலும். முதலில் மாணவர்களுக்காகத் தோன்றிய ஏற்பாடு பின்னர் ஆசிரியர்களுக்கும் ஏனைய ஊழியர்களுக்கும் விரிந்தது. 2005இல் உருவான சர்வதேச ஒம்புட்ஸ்மன் சங்கம் இப்பணிக்கு நான்கு அடிப்படைகளை வகுத்துள்ளது: சுயாதீனம், நடுநிலை, இரகசியம், முறைசாராமை. சுவீடனின் பழைய ஒம்புட்ஸ்மன் விசாரித்து அறிக்கை எழுதுபவர். பல்கலைக்கழகத்துக் குறைகேள் அலுவலர் விசாரணையையே தவிர்ப்பவர். பெயர் ஒன்றாக இருப்பதால் இருவரையும் ஒருவராக எண்ணிவிடக் கூடாது.

அப்படியானால் இலங்கையின் ஒம்புட்ஸ்மனிடம் போகலாமா? இந்தியப் பல்கலைக்கழகங்களில் உள்ளவர் யார்?

இலங்கையில் ஒம்புட்ஸ்மன் என்று அழைக்கப்படுபவர் நிருவாகத்துக்கான பாராளுமன்ற ஆணையாளர். அரசியலமைப்பின் 156ஆம் உறுப்புரையும் 1981ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டமும் அவருக்கு இடமளிக்கின்றன. ஆரம்பத்தில் பாராளுமன்றத்தின் வழியாகவே அவரை அணுக முடிந்தது; 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் பொதுமக்கள் நேரடியாக முறையிடலாம். அவர் பார்ப்பது அரச அலுவலர்களும் அரச கூட்டுத்தாபனங்கள், உள்ளூராட்சி நிறுவனங்கள், அவை போன்ற நிறுவனங்களின் அலுவலர்களும் இழைத்ததாகக் கூறப்படும் அநீதிகளை. ஒரே அறையில் இருக்கும் இரண்டு சிரேஷ்ட விரிவுரையாளர்களின் மனக்கசப்பைத் தீர்ப்பது அவருடைய வேலையன்று.

இணையத்தில் தேடுவோருக்கு இந்திய விதிகள் முதலில் கண்ணில் படுவதால் அதையும் சொல்லிவிடலாம். இந்தியாவில் 2023ஆம் ஆண்டு வெளியான பல்கலைக்கழக மானியக் குழு விதிகள் ஓய்வுபெற்ற துணைவேந்தர், ஓய்வுபெற்ற பேராசிரியர் அல்லது முன்னாள் மாவட்ட நீதிபதி ஒருவரைக் குறைகேள் அதிகாரியாக நியமிக்கச் சொல்கின்றன. ஆனால் அது மாணவர்களின் மேன்முறையீடுகளுக்கான ஏற்பாடு. ஆசிரியர்களின் பணியிடப் பிணக்குகளுக்கானதன்று.

நமது பல்கலைக்கழகச் சட்டத்தில் இந்தப் பதவிக்கு இடம் உண்டா?

1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம் வேந்தர், உபவேந்தர், பீடாதிபதி, பதிவாளர், நூலகர், நிதியாளர் எனப் பதவிகளை அடுக்குகிறது. குறைகேள் அலுவலர் அந்தப் பட்டியலில் இல்லை. எனவே ஒரு பல்கலைக்கழகம் இப்பதவியை ஏற்படுத்துமாயின் அது பல்கலைக்கழகத்தின் ஆளும் சபையான பேரவையின் தீர்மானத்தின் மீதே நிற்கும். எந்த ஆவணம் இந்த அலுவலரை நியமித்தது, அந்த ஆவணம் அவருக்கு எதை அனுமதித்து எதைத் தடுக்கிறது என்று முதலில் கேட்டு வாசிப்பது நல்லது. அப்படியொரு ஆவணம் இல்லாமல், “நம்ம சேர் எல்லோருக்கும் நல்லவர், அவரிடம் சொல்லுங்கள்” என்ற அளவில் நடக்கும் ஏற்பாட்டை நான் குறைகேள் அலுவலகமாகக் கொள்ளமாட்டேன்.

சட்டம் ஏற்கெனவே தந்திருப்பது வேறொன்று. நியமனம், பதவியுயர்வு, ஒழுக்காற்று நடவடிக்கை முதலியவை பற்றிய மேன்முறையீடுகளைக் கேட்க பல்கலைக்கழகச் சேவைகள் மேன்முறையீட்டுச் சபை உண்டு. அது முறையான வழி. ஆவணங்களும் வாதங்களும் தீர்மானமும் உள்ள வழி.

எப்படிப்பட்ட பிணக்குகளுக்கு இவர் பொருத்தமானவர்?

வளாகத்தில் நீண்ட காலம் இருந்தவர்களுக்கு இந்தப் பட்டியலை விளக்க வேண்டியதில்லை. ஆய்வுக் கட்டுரையில் எவருடைய பெயர் முதலில் வருவது, மாணவியின் ஆய்வேட்டிலிருந்து எழுதிய கட்டுரையில் மேற்பார்வையாளருக்கு எவ்வளவு உரிமை, இரண்டாவது பரீட்சகர் போட்ட புள்ளிக்கும் முதலாமவர் போட்டதற்கும் இடையே பெரிய இடைவெளி வந்தபோது எவர் எவருக்கு என்ன சொன்னார், கற்கை விடுமுறையில் வெளிநாடு போனவரின் பாடங்களை எவர் சுமப்பது, ஆய்வுகூட உபகரணத்தின் சாவி எவரிடம் இருப்பது, துறைத் தலைமை அடுத்து எவருக்கு என்பதெல்லாம் ஆண்டுக்கணக்கில் பேச்சுவார்த்தையற்றுப் போகச் செய்யும் விடயங்கள்.

கொழும்பில் இதற்கு மேலும் ஒரு சுமை உண்டு. வார இறுதியில் கட்டணம் பெற்று நடத்தப்படும் பட்டப்பின் கற்கைநெறிகளில் விரிவுரைகள் எவருக்குப் பகிரப்படுகின்றன என்பது பணத்தோடு சம்பந்தப்பட்டதாகையால், அதை எவரும் வெளிப்படையாகப் பேச விரும்புவதில்லை. அந்தக் கோபம் திங்கட்கிழமைத் துறைக் கூட்டத்தில் நேர அட்டவணையைப் பற்றிய சண்டையாக வெளிவரும். உண்மையான பிணக்கு எது, அது போட்டிருக்கும் வேஷம் எது என்று பிரித்துக் காண்பதே நல்ல குறைகேள் அலுவலரின் முதல் திறமை.

தகுதிகாண் விரிவுரையாளரின் நிலை இன்னும் நுட்பமானது. அவர் குறிப்பிட்ட காலத்துக்குள் பட்டப்பின் தகைமை பெற வேண்டும். விடுமுறைக்கும் பணி உறுதிப்படுத்தலுக்கும் துறைத் தலைவரின் பரிந்துரை வேண்டும். வெளிநாடு சென்று கற்றால் பிணைமுறியும் தொடரும். அப்படிப்பட்டவர் எழுத்தில் முறைப்பாடு செய்வதற்குப் பத்துத் தடவை யோசிப்பார். எழுதாமலே பேசக்கூடிய இடம் ஒன்று அவருக்குத்தான் மற்றெவரையும் விட அதிகம் தேவைப்படுகிறது.

சந்திப்பில் உண்மையில் என்ன நடக்கும்?

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாகவே வைத்துக்கொள்வோம். இளம் விரிவுரையாளர் ஒருவர் சேகரித்த தரவுகளைக் கொண்டு பேராசிரியர் ஒருவர் மாநாட்டில் கட்டுரை வாசித்துவிட்டார்; இளையவரின் பெயர் நன்றியுரையில் மட்டும் வந்தது. இளையவர் குறைகேள் அலுவலரிடம் வருகிறார். அலுவலர் “அவர் திருடிவிட்டாரா?” என்று கேட்கமாட்டார். தரவு சேகரிக்கும் முன் எழுத்தில் ஏதும் உடன்பாடு இருந்ததா, கட்டுரை சஞ்சிகைக்குப் போய்விட்டதா, இன்னும் திருத்த இடமுண்டா, இவருக்கு வேண்டியது பெயரா, மன்னிப்பா, அடுத்த கட்டுரையில் முதலிடமா, அல்லது இனி இவருடன் வேலை செய்யாமல் விலகும் வழியா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். வருகிறவர்களில் பலர் இந்தக் கடைசிக் கேள்விக்கு விடை தெரியாமலே வருகிறார்கள். அரை மணி நேரம் பேசிய பின்னரே தமக்கு வேண்டியது எது என்பது அவர்களுக்கே புலப்படுகிறது.

அதன் பின் வழிகள் விரிகின்றன. இளையவர் தாமே பேராசிரியருக்கு ஒரு கடிதம் எழுதலாம். அலுவலர் அதன் தொனியைப் பார்த்துத் தரலாம். சம்மதத்துடன் அலுவலர் பேராசிரியரைத் தனியே சந்திக்கலாம். பெயர் எதுவும் சொல்லாமல், கட்டுரையில் பெயரிடும் முறை பற்றிய கலந்துரையாடல் ஒன்றைப் பீடச் சபையில் வைக்கும்படி பீடாதிபதியிடம் கேட்கலாம். அல்லது இது ஆய்வு ஒழுக்க மீறல் என்று கருதினால் முறையான குழுவிடம் போகும் பாதையைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். எதைத் தெரிவது என்பது வந்தவரின் உரிமை.

கிராமங்களிலும் நகரங்களிலும் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபைகளை அறிந்தவர்களுக்கு இதில் ஒரு பகுதி பழக்கமானதாகத் தோன்றும். ஆனால் மத்தியஸ்த சபையில் இரு தரப்பும் வரவேண்டும், இணக்கம் எழுத்தில் பதியப்படும். இங்கே ஒருவர் மட்டும் வந்து பேசிவிட்டு எதுவும் செய்யாமல் திரும்பிப் போவதும் முழுமையான ஒரு சந்திப்புத்தான்.

நான் சொல்வது உண்மையில் இரகசியமாக இருக்குமா?

நல்லதொரு அலுவலகத்தில் உங்கள் அனுமதியின்றி உங்கள் பெயரோ நீங்கள் வந்த செய்தியோ வெளியே போகாது. உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து என்று அலுவலர் கருதும் நிலை மாத்திரம் விலக்கு. இது தொழில் நெறி. சட்டத்தின் நிலை வேறு: சட்டத்தரணிக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான பேச்சுக்குச் சாட்சியச் சட்டம் தரும் பாதுகாப்பைக் குறைகேள் அலுவலர் தமக்கும் உண்டென்று எடுத்துக்கொள்ள முடியாது. அமெரிக்காவிலேயே 1997இல் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, நிறுவனமொன்றின் ஒம்புட்ஸ்மனிடம் கூறியவற்றுக்கு அத்தகைய சிறப்புரிமை இல்லை என்று தீர்த்தது.

இலங்கையில் கவனிக்க வேண்டிய இன்னொன்று 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பல்கலைக்கழகங்கள் அதன் கீழ் வரும் பகிரங்க அதிகாரசபைகள். தனிப்பட்ட தகவல்களுக்கு அச்சட்டத்தில் விலக்கு உண்டென்றாலும், எழுதிவைத்த குறிப்பு ஒன்று இருந்தால் அதை எவராவது கேட்கலாம், அதன்மேல் வாதமும் எழலாம். எனவே அனுபவமுள்ள அலுவலர்கள் பெயருள்ள குறிப்புகளை வைத்திருப்பதில்லை. சந்திப்பு முடிந்ததும் கிழித்துவிடுகிறார்கள். நீங்களும் அவருக்கு நீண்ட மின்னஞ்சல் எழுதாதீர்கள். நேரம் கேட்டு இரண்டு வரி போதும். பல்கலைக்கழகத்தின் மின்னஞ்சல் முகவரியைத் தவிர்ப்பது இன்னும் நல்லது.

அறை எங்கே இருக்கிறது என்பதும் இரகசியத்தின் ஒரு பகுதிதான். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கொலிஜ் ஹவுஸ் போன்ற நிருவாகக் கட்டடமொன்றில் அறை கொடுத்தால், உள்ளே போகிறவரைப் பதிவாளர் அலுவலகம் முழுவதும் பார்த்துவிடும். மாலைக்குள் அந்தச் செய்தி சிற்றுண்டிச்சாலைக்குப் போய்விடும்.

அலுவலரிடம் சொல்லிவிட்டால் முறைப்பாடு செய்ததாகிவிடுமா?

ஆகாது. இந்தப் பக்கத்தில் ஒரு விடையை மட்டும் வாசிக்க நேரமிருப்பவர் இதையே வாசிக்க வேண்டும். குறைகேள் அலுவலரிடம் சொன்னது நிறுவனத்துக்குச் சொன்னதாகாது. அவருடன் பேசிக்கொண்டிருக்கும் நாட்களிலும் முறையான வழிகளின் கால எல்லைகள் ஓடிக்கொண்டே இருக்கும்.

அடிப்படை உரிமை மீறலுக்காக அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தை நாடுவதாயின் ஒரு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். அதே ஒரு மாதத்துக்குள் 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கு விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. குறைகேள் அலுவலருடன் நடக்கும் பேச்சுக்கு அத்தகைய சலுகை எதுவும் கிடையாது. பதவியுயர்வு மறுக்கப்பட்ட கடிதம் ஒன்று கையில் கிடைத்துவிட்டால், அது கிடைத்த திகதியை அதன் மேலேயே குறித்துக்கொண்டு, மேன்முறையீட்டுச் சபைக்கோ நீதிமன்றத்துக்கோ போக எவ்வளவு காலம் எஞ்சியிருக்கிறது என்பதைச் சட்டத்தரணியிடம் அதே வாரத்தில் கேட்டுவிடுங்கள். “பேசித் தீர்ப்போம், அவசரப்படாதீர்கள்” என்று மூன்று மாதம் இழுத்தடிக்கும் அலுவலர், தெரிந்தோ தெரியாமலோ எதிர்த்தரப்புக்கு உதவுகிறார்.

பாலியல் தொந்தரவு, வன்முறை போன்றவற்றுக்கும் இவரிடம் போகலாமா?

வழிகளை அறிந்துகொள்ளப் போகலாம். சமரசத்துக்குப் போகக் கூடாது. பாலியல் தொந்தரவு தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின் கீழ் குற்றம். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தைப் பலரும் மாணவர் பகிடிவதைக்கு மட்டும் உரியதாக நினைக்கிறார்கள். கல்வி நிறுவனத்தின் ஊழியருக்கு உடல் அல்லது உளத் துன்பம் விளைவிப்பதும் அதன் வரைவிலக்கணத்துக்குள் வருகிறது. இத்தகைய விடயத்தில் இரு தரப்பையும் அழைத்துத் தேநீர் கொடுத்துச் சமாதானம் பேசும் அலுவலர் தம் எல்லையை மீறுகிறார்.

எல்லோரும் எல்லோரையும் அறிந்த கொழும்பில் நடுநிலையான ஒருவரைக் கண்டுபிடிக்க முடியுமா?

கடினம்தான். தேர்வுக் குழுவில் இருந்தவர், உங்கள் ஆய்வேட்டைப் பரீட்சித்தவர், எதிர்த்தரப்பின் ஆசிரியர், ஒரே பாடசாலையின் பழைய மாணவர் என்று எங்கு திரும்பினாலும் ஓர் உறவு இருக்கும். நற்குணமுள்ள மூத்த பேராசிரியர் ஒருவரைத் தேடி அமர்த்துவதால் இது தீர்ந்துவிடாது என்பதே என் கருத்து. பதவியின் அமைப்பு அவரை விடுவித்து வைக்க வேண்டும்: பதவிக்காலம் குறிக்கப்பட்டதாகவும் நீடிக்க முடியாததாகவும் இருக்கட்டும், அக்காலத்தில் எந்தத் தேர்வுக் குழுவிலும் ஒழுக்காற்று விசாரணையிலும் அவர் அமரக் கூடாது, உபவேந்தருக்குக் கீழே இராமல், வெளி உறுப்பினர்களும் இருக்கும் பேரவைக்கே நேராக அறிக்கை தரட்டும். அதே பல்கலைக்கழகத்தில் ஓய்வுபெற்றவரை விட, கொழும்பைச் சுற்றியுள்ள வேறொரு பல்கலைக்கழகத்தில் ஓய்வுபெற்றவர் மேல். நுகேகொடையில் ஓய்வுபெற்றவர் கட்டுபெத்தைக்கும், அங்குள்ளவர் நாவலைக்கும் என்று மாற்றிக்கொள்வதற்குத் தூரம் ஒரு தடையன்று.

இவ்வளவுக்குப் பின்னும் உங்கள் விடயத்தில் அவருக்கு ஏதும் தொடர்பு இருப்பின் அதை முதல் ஐந்து நிமிடத்தில் அவரே சொல்ல வேண்டும். அவர் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவன்று.

தமிழில் பேச முடியுமா? மொழி தொடர்பான குறைகளையே கொண்டு போகலாமா?

தமிழ் அரசகரும மொழிகளுள் ஒன்று என்பது 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்தால் அரசியலமைப்பில் எழுதப்பட்டது. ஆயினும் வருத்தத்தைச் சொல்லும் வேளையில் உரிமை மட்டும் போதாது, கேட்பவருக்கும் அந்த மொழி விளங்க வேண்டும். மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொள்வதானால் அவரும் இரகசியத்துக்குக் கட்டுப்பட்டவராக இருக்க வேண்டும்; துறை எழுதுவினைஞரைக் கூப்பிட்டு உட்காரவைப்பது எவ்வகையிலும் தகாது. தமிழ் பேசும் மாற்று அலுவலர் ஒருவர் இருப்பதே சரியான ஏற்பாடு.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நீண்ட காலம் குறைகேள் அலுவலராக இருந்த மேரி ரோ, 1970களிலேயே சிறு அநீதிகள் என்ற கருத்தை முன்வைத்தார். தனித்தனியாகப் பார்த்தால் முறைப்பாடாக எழுதக்கூட முடியாத, ஆனால் திரும்பத் திரும்ப நடந்து ஒருவரை ஒதுக்கிவைக்கும் சின்னச் செயல்கள் அவை. ஆங்கிலத்தில் தொடங்கிய துறைக் கூட்டம் பத்து நிமிடத்தில் சிங்களத்துக்கு மாறிவிட, வாதத்தின் வேகத்தில் பின்தங்கிப்போகும் விரிவுரையாளருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தந்தையின் பெயரையே உங்கள் பெயராக எழுதிக்கொண்டிருப்பதும், முக்கியமான அறிவித்தல் நீங்கள் இல்லாத வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போவதும் அப்படித்தான். இவற்றை ஒழுக்காற்று விசாரணைக்குக் கொண்டு போக முடியாது. கொண்டு போனாலும் இன ரீதியான குற்றச்சாட்டாக மாறி, எவரும் எவரையும் பார்க்க முடியாத நிலை வந்துவிடும். பொறுத்துப் போவதும் தீர்வன்று. எந்தச் சுற்றறிக்கையிலும் அகப்படாத இத்தகைய விடயங்களிலேயே குறைகேள் அலுவலர் மிகவும் பயன்படுவார்: துறைத் தலைவரிடம் அவர் தனிமையில் சொல்லும் ஒரு வார்த்தையோடு பல வேளைகளில் பழக்கம் மாறிவிடும்.

ஆசிரியர் சங்கம் இருக்கையில் இவர் எதற்கு?

சங்கம் உங்கள் பக்கம் நிற்பது; அதன் பலமும் அதுவே. 2012இல் கல்விக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 சதவீதம் கேட்டுப் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் சம்மேளனம் நடத்திய நீண்ட வேலைநிறுத்தம் போன்ற பொதுக் கோரிக்கைகளுக்குக் குறைகேள் அலுவலரால் பயனில்லை. ஆனால் பிணக்கின் இரு தரப்பினரும் அதே சங்கத்தின் உறுப்பினராக இருக்கும்போது சங்கம் தருமசங்கடத்தில் மாட்டிக்கொள்கிறது.

மற்றவர் வர மறுத்தால்?

வற்புறுத்த முடியாது. அப்போது உங்கள் பக்கத்து வழிகளைப் பற்றி மட்டும் பேச்சு தொடரும்.

என்னைப் பற்றி ஒருவர் பேசியிருப்பதாகக் குறைகேள் அலுவலர் என்னை அழைக்கிறார். நான் என்ன செய்வது?

முதலில், இது விசாரணையன்று, குற்றப்பத்திரம் வரப்போவதில்லை. போவதும் போகாததும் உங்கள் விருப்பம், ஆனால் போவதால் இழப்பதற்கு எதுவுமில்லை. உங்களுக்கும் அதே இரகசியம் உண்டு. “எவர் சொன்னது?” என்று துருவுவதில் முதல் சந்திப்பைச் செலவழித்துவிடாதீர்கள், பெயர் வெளிப்பட அனுமதி இருந்தால் அவரே சொல்லியிருப்பார். பதவியில் மேலிருப்பவருக்கு ஒன்று கூடுதலாகச் சொல்ல வேண்டும்: அழைப்பு வந்த பின்னர், சந்தேகப்படும் நபரின் நேர அட்டவணையையோ விடுமுறை விண்ணப்பத்தையோ தொடாதீர்கள். நல்ல காரணத்துக்காகச் செய்தாலும் அது பழிவாங்கலாகவே வாசிக்கப்படும்.

ஒரே முறைப்பாடு பலரிடமிருந்து வந்தால் அலுவலர் என்ன செய்வார்?

பெயர்களை நீக்கி, போக்குகளை மாத்திரம் ஆண்டறிக்கையில் பேரவைக்குச் சொல்வார். ஒரு பீடத்தில் கற்கை விடுமுறை விண்ணப்பங்கள் தொடர்ந்து தாமதமாகின்றன என்பது தனிநபர்களின் சண்டையன்று, நடைமுறையின் குறை. ஐந்தாறு பேர் மட்டும் உள்ள சிறிய துறையெனில் துறையின் பெயரையும் விட்டுவிட வேண்டும். அல்லாவிடில் வாசிப்பவர் எவரென்று ஊகித்துவிடுவர்.

முதற் சந்திப்புக்கு என்ன கொண்டு போக வேண்டும்?

நடந்தவற்றைத் திகதி வரிசையில் ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். அந்தத் தாளைத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். நியமனக் கடிதம், பிணக்கோடு தொடர்புடைய கடிதங்கள், தாபனக் கோவையின் அல்லது சுற்றறிக்கையின் உரிய பகுதி ஆகியவற்றின் பிரதிகள் இருந்தால் நல்லது. ஒலிப்பதிவு வேண்டாம். சட்டத்தரணியையோ சங்கச் செயலாளரையோ கூட்டிச் செல்வது இந்தச் சந்திப்பின் தன்மையை மாற்றிவிடும். துணையாக ஒரு நண்பரை அழைத்துப் போகலாமா என்பதை நேரம் கேட்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.